புது வள்ளத்துக்குப் பழைய பெயர்

அப்பாவுக்கு ஷார்ஜாவிலிருந்து அமலனின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? போனில் பேசினால் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள் இரண்டைக் கொடுத்து, எது வியாபாரத்துக்கு ஏற்றது, எது சோதனைக்கு ஏற்றது என்று ஒப்பிடச் சொன்னார்கள் ஆபீஸில். சர்வருக்குள் ஓடும் சரக்குப் பதிவுக் கம்ப்யூட்டருக்குச் சோதனைப் பிரதி ஒன்று எடுத்தேன். நம் வீட்டில் புது வள்ளத்துக்கும் பழைய பெயரையே வைப்போமே, அந்தப் பழக்கத்தில் பிரதிக்கும் அதே பெயரை வைத்தேன். ஒப்பிட்டு முடித்ததும் நேற்று பிரதியை அழித்தேன். அழிந்தது நிஜமானது. தனியாக பேக்கப் எடுக்க நான்தான் சோம்பினேன். மிஞ்சிய பிரதியில் போன மாதம் வரைக்கும்தான் பதிவு இருக்கிறது. அதைத்தான் ஓடவிட்டிருக்கிறேன், இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்து சீட்டில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவரிடம் மட்டும் சொன்னேன். "ஏலே, நீயே போயி சொல்லிரு. அவங்களா கண்டுபிடிச்சா உன்னைய விடமாட்டாங்க" என்றார். இரண்டு முறை மேனேஜர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பீரோவில் இருக்கும் என் சான்றிதழ்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

மேனேஜர் கூப்பிடுகிறார். நீங்கள் கட்டும் புது வள்ளத்தில் கடலுக்குப் போக ஆள் சேர்த்துவிட்டீர்களா? ஓர் இடம் விட்டுவையுங்கள். பெயரை மட்டும் வேறாக வையுங்கள், அப்பா.