எல்லாத்துக்கும் ஒரே தூண்டில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் ஞாயிறன்று ஏரிக்கு, பாஸ் என்கிற ஏரி மீன் பிடிக்கக் கூப்பிட்டார்கள். எப்போதும் சாக்குச் சொல்கிற நான் இந்த முறை "வரேன்" என்றுவிட்டேன்.

தூண்டில் வாங்கப் போனேன். கடைக்காரர் விலை கூடியதையே நீட்டினார். "எல்லாத்துக்கும் ஒத்து வர்ற ஒரே தூண்டில் போதும்ணே" என்று கறாராகச் சொல்லி, ரொம்ப வளையாத, ரொம்ப விறைக்காத கோலும் நரம்பு சுற்றுகிற சின்ன ரீலும் வாங்கினேன். ரீல் மேலே வரும்படி தலைகீழாகப் பிடித்ததும், "என்னம்மா, வீணை வாசிக்கவா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

நைலான் நரம்பில் நான் போடும் முடிச்சுதான் உருவிக்கொள்கிறது. உங்கள் தூண்டிலுக்கு நீங்கள் போடும் முடிச்சை அம்மாவை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே போடுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. முடிச்சு விழுந்ததும் அம்மா உடனே வீடியோவை நிறுத்த வேண்டாம். கொஞ்ச நேரம் ஓடட்டும்.

உங்கள் மகள்