நின்றால் போகிற குளிர்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அனல். கடலை ஒட்டிய சாலை, பெயருக்குக்கூடக் காற்று இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து தொண்டிப் பள்ளிவரை மனைவி மங்கையைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் என் வேலை. கல்லூரியை விட்டபின் எனக்கு வேறு வேலை இல்லை. (எனக்கு வரவேண்டிய முதல்வர் நாற்காலியில் இருப்பவனுக்குக் குளிர்பதன அறையாம். நன்றாக இருக்கட்டும்.)

தேவிபட்டினம் கடைத்தெருவில் மீன் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஏசியில் வெறும் சூட்டுக் காற்று. மங்கைக்கு நரம்பு நோய். உடம்பில் சூடு ஏறினால் கால் இரண்டும் மரத்துவிடும், குளிர்ந்தால் மெல்லத் திரும்பும். லாரி விலகி வண்டி ஓடத் தொடங்கியதும் குளிர் வந்துவிட்டது. கால் வரவில்லை. பள்ளி வாசலில் இரண்டு ஆசிரியைகள் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டே நின்றார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு மங்கைதான். பரீட்சை நெருங்குகிறது.

"டீச்சர், தொடர்ந்து வர முடியுமா முடியாதான்னு திங்கக்கெழமை சொல்லிருங்க. நான் வேற ஆளப் பாக்கணும்ல."

தணிந்த குரலில்தான் சொன்னார். தணிந்த குரலில் பேசுபவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 5, புதன்

மங்கைக்கு விடுப்பு. வண்டியோடு பாரூக் பட்டறைக்குப் போனேன். ஏசி வேலையில் ரா.புரத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

கேஸ் சரியாக இருக்கிறது. குழாயில் கசிவு இல்லை. முன்பக்கம் ஏசிக்கென்று உள்ள தனி விசிறி ஜோராகச் சுற்றுகிறது. குளிரோ குளிர்.

"சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சூடா இருக்கீக."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் நின்றதும் சூட்டுக் காற்று. மறுபடி பட்டறைக்கு விட்டேன். குளிர். பேய் பிடித்தவள் கோயில் வாசலில் மட்டும் சாதுவாக நிற்பதுபோல.

மைத்துனன் முருகேசன் போன். "பழைய வண்டிய எதுக்குக் கட்டி அழுகுறீக மச்சான்? அக்காவயும் வேலைய விட்டு நிக்கச் சொல்லுங்க." இவனுக்குத் திருவாடானைப் பக்கம் நாலு ஏக்கர் உளுந்து, ஊருக்கெல்லாம் யோசனை. எங்கள் கல்யாணப் பந்தியில் என் சித்தப்பாவைக் கவனிக்காமல் விட்டவன். மறக்கவில்லை.

வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். மாத்திரை வாங்கியாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

நேற்றும் இன்றும் நல்லபடியாகப் போய்வந்தோம். ஒரு பழுதும் இல்லை. அதுதான் பயம். எப்போது கைவிடும் என்று தெரியாததை எப்படி நம்புவது?

மங்கை பயப்படவில்லை, யோசிக்கிறாள். நான்கு நாளாக நான் வண்டியைத் திட்டிக்கொண்டிருக்க, இவள் ஏறிய போதெல்லாம் காற்று வரும் துவாரத்தில் கை வைத்தபடியே வந்திருக்கிறாள். ராத்திரி சாப்பிடும்போது:

"ஏங்க, ஓடுறப்ப ஒரு தடவகூடப் போகல. நிக்கிறப்பதான் போகுது. அதுவும் எல்லாத் தடவையும் இல்ல. பாரூக் ரெண்டு நிமிசம் பாத்துட்டு மூடுறாரு. போற வரைக்கும் நிறுத்தி வச்சுப் பாக்கணும்."

"சரி, நான் வண்டிக்குள்ள உக்காந்து பாக்குறேன்."

"ஒங்களுக்கு எப்பவும் புழுக்கந்தான். வண்டி எது மனசு எதுன்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குக் கால் சொல்லிரும்."

பாரூக்குக்குப் போன் போட்டு, நாளைக்கு இருவரும் வருவதாகச் சொன்னேன். 

மார்ச் 8, சனி

உச்சி வெயில். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினும் ஏசியும் ஓட, மங்கை முன்சீட்டில். மடியில் திருத்தவேண்டிய விடைத்தாள்கள். பானட்டைத் திறந்து வைத்துப் பாரூக் முன்னால் நின்றான்.

"வேணாம் டீச்சர், இந்த வெயில்ல எதுக்கு?"

"நீங்க விசிறிய மட்டும் பாருங்க, தம்பி."

அவ்வப்போது கொஞ்சம் ஓட்டிவந்து மறுபடி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். ஒன்றுமில்லை. பாரூக் டீ குடித்தான். நான் குடிக்கவில்லை. இன்னொரு முறை ஓட்டிவந்து நிறுத்தினேன். திடீரென்று கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: "இப்பப் பாருங்க. பாதம் போயிருச்சு."

துவாரத்தில் கை வைத்தேன். எனக்கு இன்னும் குளிர்ந்த காற்றாகத்தான் தெரிந்தது.

"அட! சார், இங்கன வாங்க!" விசிறி சுற்றவில்லை. சுற்றப் பார்த்துத் துடித்துக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைத்து, உள்ளே கையை விட்டு, பாரூக் இழுத்தான். வந்தது காய்ந்த கொடி, பிரி பிரியாக, விசிறித் தண்டில் சுற்றியது. இறுகினால் விசிறி நின்றுவிடும், தளர்ந்தால் ஓடும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும், விசிறி நின்றாலும் தெரியாது.

"எந்தக் களத்துல சார் ஓட்டுனீக?"

களத்தில் இல்லை. திருவாடானைப் பக்கம் உளுந்தைச் செடியோடு பிடுங்கித் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள்தான் மணி உதிர மிதித்துக் கொடுக்க வேண்டும். போன மாதம் முருகேசன் கும்பிட்டான்: "வந்ததுதான் வந்தீக மச்சான், ரெண்டு தடவ ஏத்தி எறக்கிட்டுப் போங்க." ஏற்றி இறக்கினேன்.

போனை எடுத்தேன். இப்படி ஒரு குற்றம் கையில் கிடைக்க எத்தனை வருடம் காத்திருந்தேன்!

"வைங்க அத," என்றாள் மங்கை. வியர்த்து, முகம் வெளுத்து, கால் இரண்டும் மரக்கட்டையாக. ஆனாலும் சிரித்தாள். "பாவம், ஏத்திக் குடுங்கன்னு ஒங்கள்ட்டச் சொன்னது நான். திட்டுறதா இருந்தா என்னயத் திட்டுங்க."

அவளைத் தூக்கித்தான் பட்டறைக்குள் கொண்டுபோனேன். ஈரத் துணி, மின்விசிறி. சாயங்காலம்தான் கால் வந்தது. பாரூக் மூன்று முறை சொன்னான்: "எங்கிட்ட இருக்குற மீட்டர் எதுவும் இப்புடிச் சொல்லாது டீச்சர்." எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

இத்தனை வருடம் படித்தேன், பாடம் நடத்தினேன். தன் உடம்பை இப்படி வெயிலில் வைத்து ஒரு கேள்விக்கு விடை தேடிய ஆளை நான் எங்கும் பார்த்ததில்லை.  

மார்ச் 10, திங்கள்

மேகமே இல்லை. தேவிபட்டினத்தில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தது. குளிர் போகவில்லை. 

தலைமை ஆசிரியர் வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன டீச்சர் முடிவு?"

"பரீட்சை முடியிற வரைக்கும் சாயங்காலமும் கிளாஸ் வச்சுக்கிறேன் சார். கரும்பலகைக்குப் பக்கத்துல ஒரு ஃபேன் மட்டும் போட்டுக் குடுங்க."

என் பக்கம் திரும்பி, "ஏங்க, லேட்டாகும். மெதுவா வாங்க" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தாங்கிப் பிடிக்க வந்த ஆசிரியையிடம் விடைத்தாள் கட்டைக் கொடுத்துவிட்டாள்.