அவர் பேரைச் சொல்வது

ஜூலை 7, ஞாயிறு

மாமனார், மாமியார் பரமத்தி வேலூரில் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். என் துப்பட்டாவால் கையைக் கட்டட்டுமா என்று அவர் கேட்டார். போன மாதமே பேசி வைத்ததுதான். எனக்கும் ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். நன்றாகத்தான் போனது. நடுவில் கண்ணையும் கட்டினார். "செரியா கண்ணு?" என்றார். "செரிங்க" என்றேன்.

சரியில்லை. கண்ணைக் கட்டியதும் பயமாகிவிட்டது. பிறகு ஏன் செரிங்க என்றேன்? மாமியார் சொன்னாலும் செரிங்க, நான் வேலை பார்க்கும் ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் சொன்னாலும் செரிங்க, போனை வைக்கும்போதும் செரிங்க. அது பதிலே இல்லை. வாயில் வருகிற மூச்சு.

ஜூலை 8

"ஏன் ஒரு மாதிரியா இருக்கற?" என்றார். ஒண்ணுமில்லீங்க என்றேன். உருப்பட்ட மாதிரிதான்.

ஜூலை 11

பைக்கில் போகும்போது சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டாமே. "அன்னைக்குக் கண்ணைக் கட்டுனது எனக்குப் புடிக்கலீங்க."

வண்டியை ஓரங்கட்டினார். "நீதான செரின்னு சொன்னே?"

"நான் எதுக்குத்தான் செரின்னு சொல்லலீங்க?"

முகம் வெளிறிவிட்டது. "அப்ப இத்தன நாளா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டார். இனிமேல் தொடவே மாட்டாரோ? சொல்லாமலே இருந்திருக்கலாமோ?

ஜூலை 14

மூன்று நாளாகக் கட்டிலின் அந்தக் கோடியில் படுத்தவர் இன்று பேசினார். இனி நான் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவாராம். ஆனால் நான் சிரித்துக்கொண்டே "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்பவள். அது விளையாட்டு என்று அவருக்கும் தெரியும். எதை நம்புவார், பாவம்? விளையாட்டில் வரவே வராத ஒரு சொல் வேண்டும்.

"என்ற பேரைச் சொல்லு. அதை நீ சொல்லவே மாட்டீல்ல" என்றார்.

கல்யாணமாகி மூன்று வருஷம், புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. பேங்கில் கேட்டால்கூட எழுதிக் காட்டுவேன். அதிலும் நவநீதகிருஷ்ணன்! அந்த நேரத்தில் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவேன்? கிருஷ்ணா என்றால் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். கடைசியில் நவநீ.

ஜூலை 17

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "ந" வரைதான் வந்தது. தண்ணீர்ச் சத்தத்திலேயே வராதது அப்போது வருமா? வந்தாலும், பேரைச் சொல்லிவிட்டாளே என்று ஒரு கணம் கோபப்பட்டால்?

ஜூலை 28, ஞாயிறு

முதலில் உட்கார்ந்து கேட்டார். கை சரி, கண் வேண்டாம் என்றேன். நடுவில் தோள் பிடித்துக்கொண்டது. பெரிய வலி இல்லை, பொறுத்துக்கொண்டிருக்கலாம். இதற்குப் போயா பேரைச் சொல்வது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது.

"நவநீ."

அடுத்த நொடி முடிச்சு அவிழ்ந்திருந்தது. எட்டி உட்கார்ந்து, "என்னாச்சு கண்ணு?" என்றார். தோள் என்றேன். அவ்வளவுதானா என்று கேட்கவில்லை. தைலத்தை எடுத்து வந்து தேய்த்துவிட்டார். வலிக்குதா, வலிக்குதா என்று நூறு தடவை கேட்டார். எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனும் என்னைப் போலவே பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாமியார் மாமனாரோடு கோயிலுக்குப் போயிருக்கிறார். கதவைத் தாழ் போட்டது நான். வேணுமா என்று கேட்டார். வாய் முந்துவதற்குள் நிறுத்தி, யோசித்துப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

"வேணுமுங்க" என்றேன்.