அடியில் தங்கிய வெள்ளை

என் பிரியத்துக்குரியவருக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டேன். பேர் சொல்லி எழுத இன்றைக்கும் கை வரவில்லை. இந்தக் கடிதம் நம் மாதா கோவில் மாதப் பத்திரிகையில் வரப்போகிறது. பன்னிரண்டு வருஷமாக ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த ஒரு பேச்சை, ஊரறியத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"இன்சுலின் ஊசிதான் என் புருஷனைக் கொன்றது" என்ற பேச்சு.

உங்கள் தங்கச்சி லூர்துக்கும் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. காப்பிச் செடி வெட்டும்போது கால் சுண்டுவிரலில் கத்தி பட்டு, ரெண்டு மாசமாகப் புண் ஆறவில்லை. மாத்திரைக்குச் சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் போடாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று ஏற்காட்டு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எங்கண்ணனக் கொன்ன மருந்து எனக்கு வேண்டாமுங்க" என்றாள் அவள். அந்த வார்த்தை யாருடையது? என்னுடையது.

போன மாதம் ஒரு திங்கள்கிழமை, அவளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படியாவது அவளைச் சம்மதிக்க வைக்கலாமென்று நர்ஸ் பிள்ளை மருந்துப் பாட்டிலை எடுத்துக் காட்டி, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டினாள். அடியில் தங்கியிருந்த வெள்ளை மேலே எழும்பி, பாட்டில் முழுக்கப் பால் மாதிரி ஆனது.

"மண்டியப் போயி ஏங்கண்ணு கலக்கற?" என்றேன்.

"மண்டியா? நல்லாச் சொன்னீங்க போங்க! அதுதானுங்கம்மா மருந்தே. மேல தெளிஞ்சு நிக்கறதுல ஒண்ணுமே இல்லீங்க."

"கலக்காம, மேலாப்ல எடுத்துப் போட்டா?"

"சர்க்கரை எறங்காது. பாட்டில் முடியற நேரத்துல அடில இருக்கறது மொத்தமா ஏறுச்சுன்னா, சர்க்கரை நொம்பக் கொறஞ்சு ஆளையே சாய்ச்சுப்போடும்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களுக்கு நான் போட்டதும் இதே மருந்துதான்.

எஸ்டேட் கம்பவுண்டர் ஊசி போடச் சொல்லிக் கொடுத்த அன்று, "பாட்டிலக் குலுக்காதீங்கம்மா" என்றார். அவ்வளவுதான். உருட்டச் சொல்லவில்லை. அன்று அவர் போட்டிருந்த சட்டையின் கோடு வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லவே இல்லை. குலுக்கக் கூடாதென்றால் தெளியவிட வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். காப்பியை அப்படித்தானே உங்களுக்குக் கொடுப்பேன், தூள் அடியில் தங்கவிட்டு, மேலாக இறுத்து? பாட்டிலைக் குளிர்ச்சிக்காக ஈர மணலில் ஆடாமல் நிறுத்தி, ஊசியை மேலாக இறக்கி, தெளிவை மட்டும் இழுத்தேன். அந்த வெள்ளை உங்கள் உடம்பில் ஏறிவிடக் கூடாதென்று எனக்கு எத்தனை கவனம்!

மூத்திரத்தை மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்த்தால் தினமும் செங்கல் நிறம்தான், சர்க்கரை இறங்கவே இல்லை. "ஊசியும் வேல செய்யலியே புள்ள" என்று சிரித்தீர்கள். டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். தெளிவு தீர்ந்த அன்று புதுப் பாட்டில் வந்து சேரவில்லை. ஒருநாள்கூட ஊசி தவறக் கூடாதே என்று, அடியில் கிடந்த வெள்ளையை, அந்தக் கூட்டின அளவுக்கே இழுத்துப் போட்டேன்.

எஸ்டேட் ரைட்டராகிய நீங்கள் மறுநாள் காலையில் வேலையாட்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே வேர்த்துக் கொட்டி, உளறி, விழுந்தீர்கள். ஒருநாளும் குடிக்காத உங்களைக் குடித்திருக்கிறார் என்றார்கள். அப்படிச் சொன்ன நாலு பேரையும் நான் மறக்கவில்லை. ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் புகட்ட எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஜீப் மலையை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏனுங்க, என் கையால்தான் என்று உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டதா?

அந்தத் திங்கள்கிழமை லூர்து என் முகத்தைப் பார்த்து, "அண்ணி என்ன சொல்றாங்களோ அதுதானுங்க" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. பஸ் ஏறி நம் ஊர் மாரமங்கலத்துக்கே திரும்பிவிட்டோம். மூன்று நாள் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் அவள் காலில் கட்டை அவிழ்த்தபோது, சுண்டுவிரல் கறுத்திருந்தது.

அங்கேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"அப்ப ஊசி இல்ல... நீங்களா அண்ணி?"

"நான்தான்."

"பன்னண்டு வருசம் அந்தக் கம்பவுண்டரத் திட்டுனீங்களே. எழவுக்கு வந்த மனுசன வாசல்லயே தொரத்துனீங்களே!"

"அவரு முழுசாச் சொல்லல. அந்தக் கோவம் எனக்கு இன்னமும் இருக்குது."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புண் கழுவ அடுப்பில் வைத்த தண்ணீரை நான் இறக்கி வைத்தேன்.

"ஊசி போட்டுக்கறேன்" என்றாள் கடைசியில். "ஆனா உங்க கையால வேண்டாம். நர்ஸம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு ஒன்பது நாள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை இறங்கிக்கொண்டு வருகிறது, பாதம் தப்பிவிடும் என்கிறார் டாக்டர். ஊசி போட்டதும் நேரத்துக்குச் சாப்பிட வைக்கிறேன். உடம்பு நடுங்கினால் கொடுக்க மடியில் சர்க்கரைப் பொட்டலம் முடிந்திருக்கிறேன். தட்டை வாங்கிக்கொள்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

என் பேச்சைக் கேட்டு ஊசி வேண்டாமென்று இருப்பவர்கள் யாரானாலும் இதைப் படிக்கட்டும். ஏனுங்க, மருந்து உங்களைக் கொல்லவில்லை. போடத் தெரியாமல் போட்டேன்.

மன்னித்துவிடு என்று லூர்துவிடம் கேட்கப்போவதில்லை. அந்தக் கம்பவுண்டர் வந்து கேட்டால் நானே மன்னிப்புக் கொடுக்கமாட்டேன், அவள் மட்டும் எப்படிக் கொடுப்பாள்? கோபத்தை வைத்திருக்கட்டும். ரெண்டு காலாலும் நடந்து வந்து என் வாசலில் நின்று அவள் திட்டுகிற வரைக்கும், அவள் பக்கத்தை விட்டு நகரமாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் ஊட்டுக்காரி,
மரியம்மாள்