திரும்பிப் போன மருமகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது.

போனில் சொன்னால் சிரித்துவிடுவாய் என்றுதான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். நம் சபைக் கட்டடத்தில் பின்சுவர்க் குழாய் கசிந்து ஒரு பிளம்பர் வந்தார். நான் செயலாளர் ஆயிற்றே, மருந்துக்கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். அவர் நம் மதத்துக்காரர் இல்லை. பூசின சிமெண்ட் காயும்வரை கடைசி பெஞ்சில் இருந்த வேதாகமத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர், என்னிடம் கொண்டுவந்து, "இது பாதியில நிக்குதேம்மா, மீதி எங்க?" என்றார். புருஷனை இழந்த மருமகள்கள் இரண்டு பேரையும் அவரவர் தாய்வீட்டுக்குப் போகச் சொல்லி மாமியார் நடுவழியில் நிற்கிறாள், பக்கத்தைப் புரட்டினால் யாரோ சண்டைக்குப் போகிறார்கள். நடுவில் பதினாறு பக்கம் இல்லை. அடுத்த பெஞ்சில் பார்த்தேன், அதிலும் இல்லை. சபையில் இருக்கிற நாற்பது வேதத்திலும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் நானே பார்த்து வாங்கி அடுக்கிய புத்தகங்கள், இத்தனை நாளில் ஒருவர்கூட அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை!

சரி, என்ன ஆனது என்று அவர் கேட்டார். ஒரு மருமகள் மாமியாரோடு போனாள் என்று சொன்னேன், அதற்கு மேல் எனக்கே தடுமாறியது. வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்குப் பரிசாக வந்த என் வேதத்தை எடுத்தேன். பொன் முலாம் ஓரம் ஒட்டிக்கொண்டு, அந்தத் தாள்களை நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. மருந்துச் சீட்டில் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவள் நான். தினமும் காலையில் போனில் வரும் ஒற்றை வசனத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, படித்தாயிற்று என்றே இருந்திருக்கிறேன். போதகரிடம் சொன்னேன், அவர் பிரசங்கத்துக்கு வேண்டிய பகுதியைத் தானும் கம்ப்யூட்டரில்தான் தேடி எடுப்பதாக ஒப்புக்கொண்டார்.

என் வேதத்தையே பிளம்பருக்குக் கொடுத்தேன். இரண்டாம் நாள் திருப்பிக் கொடுக்க வந்தவர், மாமியாரோடு போனவள் கதை சரி, தாய்வீட்டுக்குத் திரும்பிப் போன இன்னொரு மருமகள் என்ன ஆனாள் என்று கேட்டார். இத்தனை வயதுக்கு எனக்கு அது தோன்றியதே இல்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். "என் தங்கச்சியும் அப்படித்தாம்மா திரும்பி வந்தா. அவளையும் அதுக்கப்புறம் யாரும் விசாரிக்கல" என்றார்.

நான் தேடிப் பார்த்தேன், போதகரும் பார்த்தார், அவளைப் பற்றி மேற்கொண்டு ஒரு வரி இல்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்து இதைச் சபையில் சொன்னேன். ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் போகாமல் என் வேதத்தைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். மாமியார் அவளைத் திட்டவே இல்லை, முத்தமிட்டுத்தான் அனுப்பினாள் என்று கண்டுபிடித்தது உன் அப்பா. நேற்று சாயங்காலம் அந்தத் தங்கையைப் பார்க்கப் போனேன். உள்ளே வரச் சொல்லி, தன் வாழ்க்கையில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கர்த்தர் உன் கூடவே இருந்து உன் வேலையையும் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா