நீ போன பிறகும் வந்த பதில்கள்

என் அம்சாக்காவுக்கு,

உன் மாது எழுதுகிறேன். வைகாசி வந்தால் நாலு வருசம். இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. திதிக்கு மாரண்டஹள்ளி வருவேன், உன் படத்துக்கு விளக்கேற்றுவேன், ஒரு வாய் சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் மொரப்பூருக்குத் திரும்பிவிடுவேன். துக்கம் தாங்கவில்லை பாவம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். துக்கம் இல்லை அக்கா, கோவம். செத்தவர்கள்மேல் கோவப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன்.

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. உன் மகள் யாழினி என்னிடம் ஒன்று சொன்னாள். அது உனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். உனக்கும் பாதிக்கதைதானே தெரியும்?

அப்போது எனக்கு எட்டாவது மாசம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்ததால், எழுந்து நடக்கவே யோசிக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நீ அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகள் வராத அந்தக் கொரோனா நாட்களில், வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று எழுதிவரும் வேலையை உங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எதிர்வீட்டு அண்ணனை ஆம்புலன்சில் ஏற்றிப் போனபோது, தினமும் விசாரித்து அவர் வீட்டுக்காரிக்குத் தகவல் சொன்னது நீதான். "நல்லதோ கெட்டதோ சொல்லிப்புடணும் மாது. ஒண்ணும் தெரியாம ஒக்காந்திருக்கறதுதான் ஆளைக் கொல்லும்" என்று என்னிடம் போனில் சொன்னாய். நீயேதான் சொன்னாய்.

பிறகு உனக்கே காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மூச்சுத் திணறியது. உன் வீட்டுக்காரர், என் மாமா, தக்காளி ஏற்றும் தன் டெம்போவிலேயே உன்னைத் தர்மபுரிக்குக் கொண்டுபோனார். இடம் கிடைத்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உள்ளே யாரையும் விடவில்லை. வாசலில் ஒரு மேசை போட்டு, ஒரு நோயாளிக்கு ஒரு போன் நம்பர் என்று எழுதிக்கொண்டார்கள். சாயங்காலமானால் அந்த நம்பருக்குக் கூப்பிட்டு நிலவரம் சொல்வார்கள். நீ மாமாவின் நம்பரைக் கொடுத்திருந்தாய்.

முதல் மூன்று நாள் நீயே என்னோடு பேசினாய். பேச்சு முடியாமல் போனதும், வாட்ஸப்பில் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை எழுதினாய். மற்றதெல்லாம் மாமா வழியாகத்தான் வந்தது. கஞ்சி குடித்தாளாம், குப்புறப் படுக்கச் சொன்னார்களாம், ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்களாம். அந்த 'ஆம்'களைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளை ஓட்டினேன். ஊரடங்கு. வயிற்றுப் பிள்ளையோடு எங்கே வருவேன்?

ஒரு நாள் மனசு கேட்காமல் அந்த மேசைக்கு நானே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுதிக்கொடுத்த நம்பருக்கு மட்டும்தான் சொல்ல முடியும், உங்கள் மாமாவைக் கேளுங்கள் என்றாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட்டேன். அதே குரல். உன் பேரைச் சொன்னதும், நீங்கள்தான் தங்கச்சியா என்று கேட்டாள். பிறகு, "உங்க ஒடம்பப் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் உடம்புக்கு என்ன என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இது ஏன் அப்போதே எனக்கு உறைக்கவில்லை? உறைத்திருக்கும். நான்தான் தள்ளிவிட்டிருப்பேன்.

ஏனென்றால் உன் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. 'நல்லா இருக்கேன் மாது. பேசத்தான் முடியல. மாத்திரை போட்டியா?' நானும் எல்லாவற்றையும் எழுதினேன். பிள்ளை உதைப்பதை எழுதினேன். இதுவும் தங்காவிட்டால் வேறு யோசிக்க வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரர் ஒரு கோவத்தில் சொன்னதை, அம்மாவிடம்கூட வாய் திறக்காததை, உனக்கு எழுதினேன். 'அதையே நெனச்சுட்டு இருக்காத. தூங்கு' என்று பதில் வந்தது. தூங்கினேன். அதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் வாய் கேட்கிறது, மாங்காய் ஊறுகாய் வேண்டும் என்றேன். 'அனுப்பறேன்' என்றாய். இரண்டு நாளில் காய்கறி வண்டியில் ஒரு பாட்டில் வந்து இறங்கியது. அக்கா போட்டுவைத்துவிட்டுப் போனதுதான் என்றாள் அம்மா.

பையன் பிறந்தான். எட்டாம் நாள் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அதற்குள் நீ போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. மூட்டைபோல் கட்டிக் கொடுத்தார்களாம். நாலே பேர் நின்றார்களாம். என்றைக்கு என்று கேட்டேன். சொன்னாள். போனை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். உன்னை எரித்த அந்த மத்தியானம்தான் அக்கா, நான் உன்னிடம் ஊறுகாய் கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் தெரிந்திருக்கிறது. எனக்கு ஊசி போட்ட நர்சுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவள் எனக்கு மட்டும் தெரியாது.

பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் மாமா பார்க்க வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் பெயரில் வந்த பதில்களைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அவதான் சொன்னா மாது" என்றார். "ஆக்சிஜன் மாஸ்க் மாட்டறதுக்கு முன்னால போன்ல சொன்னா. எனக்கு ஏதாச்சும் ஆனா அவகிட்டச் சொல்லாதீங்க, கொழந்த பொறக்கட்டும், நானே எழுதற மாதிரி எழுதிட்டு இருங்கன்னா."

அந்த நிமிசம்வரை என் கோவமெல்லாம் அவர்மேல்தான். அதற்கப்புறம் உன்மேல் திரும்பியது. தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கொல்லும் என்று சொன்ன நீ, உன் சொந்தத் தங்கச்சியை அப்படி உட்காரவைத்தாய். நான் தாங்கமாட்டேன் என்று நீயே முடிவு செய்தாய். அழ வேண்டிய நாளில் ஊறுகாய் தொட்டுச் சோறு தின்ன வைத்தாய். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தானே, அதுதானே வேண்டும் என்கிறார்கள். மறைத்ததால்தான் பிழைத்தானா? சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பானா? இதை நான் யாரைக் கேட்பது?

போன மாசம் மாமாவுக்கு நெஞ்சுவலி. பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டி இறக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டார். தர்மபுரியில் ஐசியூவில் சேர்த்தார்கள். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நாலு வருசமாக முகம் கொடுத்துப் பேசாதவள் நம்பரை. ஓடினேன். ஐந்து நிமிசம் உள்ளே விட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்: யாழினிக்குச் சொல்லாதே, பரிட்சை முடியட்டும்.

யாழினி ப்ளஸ் டூ. அரூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். பரிட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வார்டன் நம்பருக்குக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் அக்கா. அவள் குரலைக் கேட்டதும், அப்பா பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், வர நாலு நாளாகும் என்று என் வாயிலிருந்து வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? சரி சின்னம்மா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அரூர் போனேன். ஹாஸ்டல் வாசலில் அவளை உட்காரவைத்து, நேற்று நான் சொன்னது பொய் என்றேன். ஐசியூ என்றேன். டாக்டர் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை என்றேன். அவள் அழவில்லை. நேற்றே தெரிந்துவிட்டது என்றாள். எப்படி என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தானே உங்களுக்கு எழுதுனேன் சின்னம்மா."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். ஆஸ்பத்திரியில் உன் பையையும் போனையும் திருப்பிக் கொடுத்தார்களாம். உன்னை மாதிரி எழுத மாமாவுக்கு வரவில்லையாம். மாது என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தை தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். போனை அவளிடம் கொடுத்துவிட்டாராம். அவளுக்கு அப்போது பதிமூன்று வயசு. நீ எனக்கு எழுதிய பழைய செய்திகளையெல்லாம் படித்துப் பார்த்து, அதே மாதிரி எழுதியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லை நான் அந்தப் பிள்ளைக்கு எழுதியிருக்கிறேன். தூங்கு என்று எனக்குச் சொன்னது அந்தப் பிள்ளை. மாமா உன்னோடு சுடுகாட்டில் நின்றபோது வீட்டில் ஒற்றையாக இருந்துகொண்டு, 'அனுப்பறேன்' என்று எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு, நீ போட்டுவைத்த ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் துடைத்துக் காய்கறி வண்டியில் கொடுத்தனுப்பியதும் அவள்தான்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எழுதிட்டு இருக்கற வரைக்கும் அம்மா இருக்கற மாதிரியே இருந்துச்சு. தம்பி பொறந்ததும் அப்பா போனை வாங்கி வெச்சிட்டாரு. அன்னைக்குத்தான் சின்னம்மா எனக்கு அம்மா செத்தாங்க."

கேட்டாயா அக்கா? நானே எழுதுகிற மாதிரி எழுதுங்கள் என்றாயே, யார் எழுதுவார்கள் என்று நினைத்தாய்? என்னைக் காப்பாற்ற நீ சொன்னதை உன் மகள் சுமந்திருக்கிறாள். ஏமாந்தவள் நான் ஒருத்திதான் என்று நாலு வருசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்ததில், நானும் அவளை விட்டுவிட்டேன். ஒரு நாளாவது பக்கத்தில் உட்காரவைத்து, உங்கம்மா போனது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேனா?

வார்டனிடம் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தர்மபுரி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அப்பாவுக்காகவா, உனக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அவளைப் பார்த்ததும் மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கட்டிலைச் சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்றாள். வெளியே வந்ததும் மேசைக்குப் போய், என் நம்பருக்குக் கீழே ஹாஸ்டல் நம்பரையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். ஒரு நம்பர் இருந்தால் போதும் பாப்பா என்றார்கள். எழுதும்வரை அவள் நகரவில்லை.

மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். வீட்டில் இருக்கிறார், வண்டி ஓட்டக் கூடாது. நம்பிச் சொன்னேன், நீ கேட்கவில்லை என்று என்னோடு பேசுவதில்லை. அவர் கோவம் எனக்குப் புரிகிறது. அதே கோவத்தில்தானே நானும் இருந்தேன். யாழினி எல்லாப் பரிட்சையும் எழுதிவிட்டாள். இயற்பியல் மட்டும் கஷ்டம் என்கிறாள். மார்க் குறைந்தால் பழி என்மேல்தான் வரும். வரட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி நம் குடும்பத்தில் யாருக்கு என்ன ஆனாலும், எனக்கே ஆனாலும், யாழினியிடம் முதலில் சொல்வது நான். சொல்லிவிட்டுப் போகமாட்டேன், பக்கத்தில் இருப்பேன். நீ வேண்டாம் என்று மேலிருந்து சொன்னாலும் கேட்கமாட்டேன்.

உன்மேல் இருக்கும் கோவம் எனக்கு இன்னும் தீரவில்லை அக்கா. தீர்ந்தால் எழுதுகிறேன். தீராவிட்டாலும் எழுதுகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
யாழினியின் சின்னம்மா,
மாதேஸ்வரி
மொரப்பூர்