ஒரு பக்கத்து வேர்

ஹோதனின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. கரி சுடுவதற்காக மரமெல்லாம் வெட்டிச் சாய்த்த உங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்னவள் நான்தான். அதில் மாற்றம் இல்லை.

ஆனால் நான் நட்ட கலோல் முள்மரக் கன்றுகளுக்கு யாரோ வேலி கட்டுகிறார்கள். "உன் கன்னுக்கு ஜின்னு காவல் காக்குதுடி, அதுக்கும் ஒரு வாய் பால் வை!" என்று பக்கத்து வீட்டு தஹபோ கேலி செய்கிறாள். முடிச்செல்லாம் இடக்கை முடிச்சு. இந்தப் பக்கத்தில் இடக்கைக்காரர் ஒருவர்தான்.

இன்று காலை வேலிக்குள் ஒரு கட்டு கலோல் வேர் கிடந்தது. நம் மகள் ஹோதன் கல்யாணத்துக்கு, தாய் என்ற முறையில் நான் வேர்களை வளைத்துக் கட்டித்தர வேண்டிய குடிலுக்குத் தோதான நீள வேர்கள். சந்தோஷப்படுவதா, திட்டுவதா? நீங்கள் விட்டுவைத்த ஒரே பெரிய மரமும் போச்சு என்று ஓடினேன்.

மரம் நின்றது. ஒரு பக்க வேரை மட்டும் எடுத்து, குழியை மூடி, தண்ணீரும் ஊற்றியிருந்தது.

கரிக்கு மரத்தையே சாய்க்கிறவர் வேர்க்குழியை எதற்கு மூடுகிறார்? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

இந்தக் கடிதத்தை முதல் கன்றின் அடியில், கல்லுக்குக் கீழே வைக்கிறேன். இன்னும் நாலு வேர் குறைகிறது. கொண்டுவருகிறவர் வேலியோடு திரும்பிப் போக வேண்டாம், வீட்டு வாசல்வரை வரலாம்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா